சளியில் ‘ட்ரேஸ்’ வந்தால் மருந்து தொடங்கணுமா? ஸ்மியர் ஒன்று சொல்கிறது, அல்ட்ரா ஒன்று சொல்கிறது

ஈர்க்குச்சி | மார்ச் 3, காலை 10.12

கேஸ் இது. 52 வயது ஆண். இரண்டு வருடத்துக்கு முன் நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை முடித்தவர். இப்போது மூன்று வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, எச்ஐவி நெகட்டிவ். ஸ்மியர் (சளியைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) இரண்டும் நெகட்டிவ். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் எக்ஸ்பர்ட் அல்ட்ரா மெஷினில் ‘எம்டிபி டிடெக்டட், ட்ரேஸ், ரிஃப் இன்டிடெர்மினேட்’. அதாவது காசநோய்க் கிருமி மிகச் சொற்பமாகத் தெரிகிறது, ரிஃபாம்பிசின் (ரிஃப்) மருந்து கேட்குமா என்று சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரேயில் மேல்மடலில் பழைய தழும்பு.

இன்றைக்கே மருந்து போடு என்று ஒரு கட்சி, மெஷின் உளறுது என்று ஒரு கட்சி. யார் சொல்வது சரி? கூடவே இன்னொன்று: இத்தனை நுட்பமான மெஷின் வந்தபிறகு மைக்ரோஸ்கோப்பைப் பரண்மேல் ஏற்றிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

எட்டுவாரம் | மார்ச் 3, மதியம் 1.40

மெஷின் உளறவில்லை. அதுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லியிருக்கு.

அல்ட்ரா தேடுவது டிஎன்ஏவை. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துப் போன சக்கையா என்று அதற்குத் தெரியாது. ஐஎஸ்6110, ஐஎஸ்1081 என்ற இரண்டு துண்டுகளைத் தேடுகிறது. பெரும்பாலான காசநோய்க் கிருமிகளில் இவை ஒரே கிருமிக்குள் பல நகல்களாகக் கிடக்கும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டும் ஆர்பிஓபி மரபணு ஒரே நகல்தான். பல நகல் உள்ளது சிக்கி, ஒற்றை நகல் சிக்காவிட்டால் அதற்குப் பெயர்தான் ட்ரேஸ். ரிஃப் பத்திக் கேட்டால் கையை விரிப்பதும் அதனால்தான். அல்ட்ராவுக்கு முந்தைய ஜி4 கார்ட்ரிட்ஜில் இந்த வகையே கிடையாது. அங்கே கடைசிப் படி ‘வெரி லோ’.

எச்ஐவி உள்ளவர், குழந்தை, மூளைத்தண்டுவட நீர் மாதிரி நுரையீரலுக்கு வெளியே எடுத்த சாம்பிள் என்றால் ட்ரேஸையும் பாசிட்டிவாகவே எடுக்கணும். அங்கே கிருமி குறைவாகத்தான் இருக்கும், காத்திருந்தால் ஆள் போய்விடுவார். உங்கள் ஆள் அந்த வகை இல்லை. கடந்த ஐந்து வருடத்துக்குள் சிகிச்சை முடித்தவருக்கு ட்ரேஸ் வந்தால் பழைய டிஎன்ஏவாக இருக்க நல்ல வாய்ப்பு. புதுச் சளி வாங்குங்க. ஒரு பங்கு திரும்ப அல்ட்ராவுக்கு, ஒரு பங்கு கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க. எக்ஸ்ரேயைப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆள் தெம்பாக இருந்தால் அதுவரை மருந்து வேண்டாம்.

ஃபுக்சின் | மார்ச் 3, மாலை 6.05

பரண் விஷயத்துக்கு நான் அப்புறம் வர்றேன். முதல்ல அந்த ரெண்டு ஸ்மியர் எப்படிப் போட்டது? எச்சிலா, சளியா? டப்பாவைத் திறந்து பார்த்தீங்களா?

ஈர்க்குச்சி | மார்ச் 3, மாலை 6.31

ஒன்று தெளிந்த தண்ணி மாதிரி இருந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது.

ஃபுக்சின் | மார்ச் 3, மாலை 6.50

அப்போ உங்ககிட்ட ஒரு ஸ்மியர்தான் நெகட்டிவ். இன்னொன்னு எச்சில் நெகட்டிவ்.

ஃபுக்சின் | மார்ச் 3, இரவு 9.22

சரி, உட்கார்ந்து எழுதுறேன். ஸ்மியர் தப்பாப் போற இடமெல்லாம் ஸ்டெயினுக்கு (சாயம் ஏத்துறதுக்கு) முன்னாடியே இருக்கு.

காலையில எழுந்ததும் வாய் கொப்பளிச்சிட்டு, மூச்சை ரெண்டு மூணு தடவை ஆழமா இழுத்து, நெஞ்சிலேருந்து காறி எடுக்கணும். திறந்த வெளியில, காற்றோட்டத்துல, கழிப்பறைக்குள்ள கூடாது. 2 மில்லியாவது வேணும். டப்பாவில மஞ்சளாக் கட்டி தெரியும் பாருங்க, ஈர்க்குச்சியை ஒடிச்சு அந்த ஒடிஞ்ச முனையால அந்தக் கட்டியைத்தான் எடுக்கணும். சிராய் சிராயா இருக்கிற முனைதான் சளியைப் பிடிக்கும், வழவழ முனை பிடிக்காது. (கேள்வி கேட்டவர் பேரே அதுதான், அவருக்குத் தெரியாமலா.) ஸ்லைடு நடுவுல 3 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர், சின்னச் சின்னச் சுருளாத் தேய்ச்சுப் பரப்பணும். காய்ஞ்ச ஸ்லைடை ஸ்டெயின் பண்றதுக்கு முன்னாடி தினசரிப் பேப்பர் மேல பிடிச்சா எழுத்து படிக்க வரணும். எழுத்தே தெரியலன்னா தடிமன், கழுவும்போது உரிஞ்சு போயிடும். பளிச்சுனு தெரிஞ்சா மெலிசு, மைக்ரோஸ்கோப்புல நூறு இடம் பார்த்தும் ஒண்ணும் கிடைக்காது.

1% கார்பால் ஃபுக்சின்ங்கிற சிவப்புச் சாயத்தை ஸ்லைடு மேல ஊத்தி அடியிலிருந்து சூடு காட்டணும். ஆவி எழும்புற வரைக்கும்தான்; கொதிக்கவே கூடாது. அப்படியே 5 நிமிஷம். நடுவுல காய்ஞ்சிட்டா சிவப்புத் தூள் படிஞ்சு குச்சி குச்சியாத் தெரியும், புதுசா வந்தவங்க அதைக் கிருமின்னு எண்ணி 1+ பாசிட்டிவ் போட்டுருவாங்க. ஸ்டெயினை வடிகட்டாம விட்டாலும் இதே கதை. அப்புறம் 25% அமில ஆல்கஹால் 2 முதல் 4 நிமிஷம், கழுவிட்டு 0.1% மெத்திலீன் நீலம் 30 விநாடி.

எட்டுவாரம் | மார்ச் 4, காலை 7.15

25% கந்தக அமிலம். அமில ஆல்கஹால் வேறு செய்முறை, அதில் அமிலம் 3%தான்.

ஃபுக்சின் | மார்ச் 4, காலை 8.02

ஆமா, கை தவறிடுச்சு. 25% கந்தக அமிலம்தான். கலக்கும்போது அமிலத்தைத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். தண்ணியை அமிலத்துல ஊத்தினா கொதிச்சு முகத்துல அடிக்கும்.

இன்னொன்னு: மைக்ரோஸ்கோப்புல பார்க்க எண்ணெய் விடுற குழாய் முனை ஸ்மியர்ல படக் கூடாது, மேலேருந்து சொட்டணும். கிருமி நிறைஞ்ச 3+ ஸ்லைடுல பட்ட முனை அடுத்த அஞ்சு பேருக்கும் காசநோய் கொடுத்துரும், காகிதத்துல மட்டும்.

கார்ட்ரிட்ஜ்காரர் | மார்ச் 4, காலை 11.30

எண்களையும் போட்டுவிடுவோம். ஸ்மியரில் தெரிய ஒரு மில்லி சளியில் ஆயிரம் கிருமியாவது வேண்டும். அல்ட்ராவுக்கு 130 போதும். அதனால் ஸ்மியர் நெகட்டிவ், அல்ட்ரா பாசிட்டிவ் என்பதில் முரண்பாடே இல்லை.

கார்ட்ரிட்ஜ்காரர் | மார்ச் 4, மதியம் 12.04

மேலே எழுதியதில் இரண்டு எண்ணும் தப்பு. ஸ்மியருக்கு 5,000 முதல் 10,000 வரை வேண்டும். 130 என்பது ஜி4 கார்ட்ரிட்ஜின் எல்லை. அல்ட்ராவுக்கு 16 இருந்தாலே போதும். கல்ச்சருக்கு 10 முதல் 100. அதாவது கல்ச்சர் இறங்கும் ஆழத்துக்கு அல்ட்ராவும் இறங்கிவிட்டது. கூடவே செத்ததையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

ஃபுக்சின் சொன்ன எச்சில் பிரச்சினை மெஷினுக்கும் உண்டு. ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு சாம்பிள் ரீஏஜென்ட் (சளியைக் கரைக்கும் திரவம்). கண் அளவில் ஊற்றினால் சளி கெட்டியாகவே நிற்கும். மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை குலுக்கி, மொத்தம் 15 நிமிடம். கடைசியில் டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர்போல் ஓட வேண்டும். நூல் நூலாக இழுத்தால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். அவசரப்பட்டு 2 மில்லியை உள்ளே விட்டால் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி அடைத்து அழுத்தம் ஏறி 2008 என்று எர்ரர் அடிக்கும். ஒரு கார்ட்ரிட்ஜ் போச்சு. உறிஞ்சும்போது குமிழி ஏறினாலும் அளவு குறைந்து எர்ரர்தான். சோற்றுப் பருக்கை இருக்கும் சாம்பிளைத் தொடவே வேண்டாம், திருப்பி வாங்குங்கள்.

ட்ரூநாட் (டிஎன்ஏவைத் தேடும் இன்னொரு மெஷின்) வைத்திருப்பவர்களுக்கு: கடைசியில் 6 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவை உலர்மருந்துக் குழாயில் விட்டபின் 30 முதல் 60 விநாடி சும்மா விடுங்கள். தட்டாதீர்கள், குலுக்காதீர்கள், பிப்பெட்டால் மேலும் கீழும் இழுக்காதீர்கள். தானாகவே கரையும். தட்டினால் குமிழி, குமிழியைச் சிப்பில் விட்டால் ‘இன்வேலிட்’.

ஈர்க்குச்சி | மார்ச் 4, மாலை 4.48

புதுச் சளி இரண்டு டப்பா வாங்கியாச்சு, இந்த முறை கட்டியாக. கல்ச்சர் லேப் 70 கிலோமீட்டர். நாளைக்குத்தான் வண்டி. வழியில் கெடாமல் இருக்கச் சளியில் சிபிசி மருந்து போட்டு அனுப்பட்டுமா?

எட்டுவாரம் | மார்ச் 4, மாலை 5.01

வேண்டாம்! சிபிசி போட்ட சளியை எம்ஜிஐடி திரவ ஊடகத்தில் (கிருமியை வளர்க்கும் குழாய்) போட முடியாது, மிச்சமிருக்கும் சிபிசி காசநோய்க் கிருமியையும் வளர விடாது. முட்டை கலந்த எல்ஜே திட ஊடகம்தான் அதைத் தாங்கும். சிபிசி போட்டதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் படிகமாகிவிடும், அதுவும் வீண். நீங்கள் எதுவும் போடாமல், மூன்றடுக்குப் பொட்டலத்தில் ஜெல் ஐஸ் வைத்து அனுப்புங்க. வண்டி வரும்வரை 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீஸரில் கூடாது.

எட்டுவாரம் | மார்ச் 5, இரவு 10.35

அங்கே என்ன நடக்கும் என்று எழுதிவைக்கிறேன், ரிப்போர்ட் ஏன் தாமதம் என்று ஃபோன் வருவது குறையும்.

சளியில் காசநோய்க் கிருமி மட்டும் இல்லை. வாயிலுள்ள ஊர்ப்பட்ட கிருமியும் இருக்கிறது. அவை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், நம்ம ஆள் இரட்டிக்க இருபது மணி நேரம் எடுப்பார். பந்தயமே இல்லை. அதனால் மற்றவற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடால் கொல்லணும். காசநோய்க் கிருமி மெழுகுச் சுவரால் தாக்குப் பிடிக்கும், கொஞ்ச நேரத்துக்குத்தான். 4% காரத்தையும் சிட்ரேட்டையும் சமமாகக் கலந்தால் 2%. அதைச் சளியோடு சமமாகக் கலந்தால் 1%. இந்த 4, 2, 1 கணக்கில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சளியைக் கரைக்கும் என்ஏஎல்சி பொடியை அன்றன்றைக்குப் போடணும், 24 மணி நேரத்துக்கு மேல் வீரியம் நிற்காது. சுழற்றிக் கலக்கி 15 நிமிடம், மிஞ்சினால் 20. உடனே பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபரைக் குழாயின் 50 மில்லிக் கோடு வரை ஊற்றணும். அதுதான் காரத்துக்கு பிரேக்.

அப்புறம் 3,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 3,000 மடங்கு) 15 நிமிடம் மையவிலக்கு. 3,000 ஆர்பிஎம் இல்லை, 3,000 ஜி! மெஷின் பொத்தானில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று போட்டிருப்பதால் வரும் வினை. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 3,000 ஆர்பிஎம் சுற்றினால் கிடைப்பது சுமார் 1,500 ஜிதான். 3,000 ஜி வேணும்னா சுமார் 4,200 சுற்றணும். கிருமியில் கொழுப்பு அதிகம், மிதக்கிற சாதி. விசை குறைந்தால் அடியில் படியாமல் மேல்நீரோடு சிங்க்கில் போய்விடும். கல்ச்சர் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வரும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எட்டுவாரம் | மார்ச் 5, இரவு 10.52

விட்டுப்போனது: கலப்புக் கிருமி (சளியோடு வந்த மற்றக் கிருமி) அறவே வராத லேப்பைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். எல்ஜேயில் 3 முதல் 5%, திரவத்தில் 8 முதல் 10% கலப்பு இருப்பது இயல்பு. அதற்கும் வெகுவாகக் கீழே போனால் காரம் அதிகமாகிக் காசநோய்க் கிருமியையும் சேர்த்துக் கொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாம்கட்டம் | மார்ச் 6, காலை 9.20

இழையை மருந்துப் பக்கம் கொஞ்சம் இழுக்கிறேன். ரிப்போர்ட்டில் ‘ரிஃப் சென்சிட்டிவ்’ என்று பார்த்ததும் எல்லா மருந்தும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஜி4-ம் அல்ட்ராவும் ஐசோனியாசிட் என்ற இன்னொரு முக்கிய மருந்து பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதற்கு எல்பிஏ (மரபணு மாற்றத்தைப் பட்டையில் கோடாகக் காட்டும் சோதனை) பார்க்கணும். கேட்ஜி மரபணுவில் மாற்றம் என்றால் பெரும்பாலும் உயர் எதிர்ப்பு. ஐஎன்எச்ஏ மரபணுவில் மட்டும் என்றால் தாழ்ந்த எதிர்ப்பு, கூடவே எத்தியோனமைடு மருந்தும் போச்சு. ஐசோனியாசிட் மட்டும் கேட்காத நோயாளிக்கு வழக்கமான ஆறு மாதக் கோர்ஸ் கொடுத்தால், கடைசி நான்கு மாதம் ரிஃபாம்பிசினும் எத்தாம்பியூட்டாலும் மட்டும் தனியாக மல்லுக்கட்டும். ரிஃபையும் இழக்க அதுதான் குறுக்கு வழி. அவர்களுக்கு லீவோஃப்ளாக்சசின், ரிஃப், எத்தாம்பியூட்டால், பைராசினமைடு ஆறு மாதம்.

கார்ட்ரிட்ஜ்காரர் | மார்ச் 6, காலை 10.10

ரிஃப் ரெசிஸ்டன்ட் என்று வந்தாலும் கிருமி அளவைப் பாருங்கள். ‘வெரி லோ’வில் வந்த ரெசிஸ்டன்டைப் புதுச் சாம்பிளில் ஒருமுறை சரிபார்க்காமல் நம்பக் கூடாது. கிருமி குறைந்தால் டிஎன்ஏவைப் பிடிக்கும் ப்ரோப்களில் ஏதாவது ஒன்று தாமதமாக எழும்பி எதிர்ப்பு மாதிரியே காட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெஷின் பார்ப்பது ஆர்பிஓபியில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டுமே. அதற்கு வெளியே ஐ491எஃப் என்று ஒரு மாற்றம், எஸ்வாட்டினி நாட்டில் பரவலாகக் கண்டது. கார்ட்ரிட்ஜுக்கு அது தெரியவே தெரியாது, சென்சிட்டிவ் என்று சொல்லிவிடும்.

எட்டுவாரம் | மார்ச் 6, மதியம் 2.25

அதனால்தான் கல்ச்சர் வேணும்னு தொண்டை கிழியக் கத்துறது.

கார்ட்ரிட்ஜ்காரர் | மார்ச் 6, மதியம் 2.40

கத்துங்கள் அண்ணா, ஆனால் ஐ491எஃப்பை எம்ஜிஐடியும் பல நேரம் கோட்டை விடுகிறது. எல்430பி, டி435ஒய் மாதிரி மாற்றங்களையும்தான்.

எட்டுவாரம் | மார்ச் 6, இரவு 11.08

ஒத்துக்கிறேன். மதியம் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குறேன். இந்த மாற்றங்கள் உள்ள கிருமி மெதுவாக வளரும். மருந்து போட்ட குழாயில் வளர்ச்சி தெரிவதற்குள் மெஷின் கணக்கை முடித்துவிடும், ரிப்போர்ட்டில் சென்சிட்டிவ் என்று வரும். ஆளுக்கோ மருந்து கேட்காது. இந்தக் காரணத்தால்தான் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் எம்ஜிஐடியில் ரிஃபாம்பிசின் அளவுகோலை மில்லிக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5-க்கு இறக்கியது. கல்ச்சர்தான் உரைகல் என்று சொல்லியே பழகிவிட்டோம், உரைகல்லையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கு.

ஃபுக்சின் | மார்ச் 6, இரவு 11.15

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டேன்.

இரண்டாம்கட்டம் | மார்ச் 8, மாலை 7.44

சிகிச்சையில் இருக்கிற ஆளுக்கு இரண்டாம் மாத முடிவில் சிபிநாட் (எக்ஸ்பர்ட் மெஷின் சோதனை) கேட்டு எழுதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மருந்து வேலை செய்தாலும் செத்த டிஎன்ஏ மாதக்கணக்கில் வரும். அங்கே ஸ்மியர். ஸ்மியர் பாசிட்டிவ் என்றால் கல்ச்சரும் எல்பிஏவும். மாத்திரை உள்ளே போகிறதா என்று தெரிய மூத்திரம் ஆரஞ்சு நிறமா என்று கேளுங்கள், ரிஃபாம்பிசின் பொய் சொல்லாது. மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 வரை 4. இரண்டு மாதத்தில் ஆள் 47-லிருந்து 51 ஆகியிருப்பார், தொடர் கட்டத்துக்கு (கடைசி நான்கு மாதம்) மாறும்போதும் மாத்திரை பழைய எடைக்கே போய்க்கொண்டிருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

ஈர்க்குச்சி | மார்ச் 8, இரவு 8.30

கொஞ்சம் வழி மாறிக் கேட்கிறேன். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுப்பது எப்போதிலிருந்து?

இரண்டாம்கட்டம் | மார்ச் 8, இரவு 9.55

அது நம்ம சென்னைச் சேத்துப்பட்டில் முடிவான விஷயம். 1956-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பில். ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்காத குறையாகப் பிரித்துப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள்.

இரண்டாம்கட்டம் | மார்ச் 8, இரவு 10.03

‘குலுக்காத குறையாக’ என்றது தப்பு. முறைப்படி குலுக்கல்தான், அதுதானே அந்த ஆய்வின் உயிரே. இரண்டு பக்கமும் ஐசோனியாசிட்டும் பாஸ் என்ற மருந்தும் ஒரு வருடம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, படுக்கை, காற்று. வீட்டில் நெரிசல், அரைவயிறு, பலர் வேலைக்கும் போனார்கள். 1959-இல் முடிவு வந்தபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியம் மூடத் தொடங்கியதற்கு இது பெரிய காரணம். அந்த மையம்தான் இன்றைய காசநோய் ஆராய்ச்சி தேசிய நிறுவனம்.

ஃபுக்சின் | மார்ச் 9, காலை 6.40

அரைவயிறுன்னு எழுதிட்டு விட்டுடாதீங்க. சாப்பாடு முக்கியமில்லைன்னு யாராவது எடுத்துக்கப் போறாங்க.

இரண்டாம்கட்டம் | மார்ச் 9, காலை 8.15

நல்ல பிடி. அந்த ஆய்வு சொன்னது கிருமியைக் கொல்வதற்கு மருந்து போதும் என்பதைத்தான். சாவைத் தடுப்பது வேறு கணக்கு. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் அதைத்தான் பிடித்தது. நோய் கண்டவுடன் பார்ப்பது: உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, 16 வரை இருந்து காலில் வீக்கமா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, ஆக்சிஜன் 94%-க்குக் கீழா, பிடிக்காமல் நிற்க முடியாதா. எடைக் கருவி, உயரக்கோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் முழு மதிப்பீட்டுக்கும் சேர்க்கைக்கும் அனுப்பணும். 1959-க்கு இது முரண் இல்லை, வீட்டில் வைக்கக் கூடாதவர் யார் என்று பிரித்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

ஈர்க்குச்சி | மார்ச் 11, மதியம் 3.20

இரண்டாவது அல்ட்ரா ‘நாட் டிடெக்டட்’. பழைய படம் கிடைத்தது, தழும்பு அப்படியே இருக்கிறது, புதிதாக எதுவும் இல்லை. சரி என்று மூச்சு விட்டால், கல்ச்சர் லேப்பிலிருந்து ஃபோன்: எம்ஜிஐடி குழாய் ஐந்தாம் நாளே பாசிட்டிவ் காட்டுகிறதாம்! மருந்து தொடங்கட்டுமா?

எட்டுவாரம் | மார்ச் 11, மதியம் 3.26

பொறுங்க, பொறுங்க. ஸ்மியர் நெகட்டிவ் ஆளுக்கு ஐந்தாம் நாளா? அந்தக் குழாய்க்குக் காசநோய் தெரியாது. உள்ளே ஏதோ ஒன்று ஆக்சிஜனைத் தின்றால் அடிப்பாகம் ஒளிரும், மெஷின் விளக்கு போடும். தின்றது யார் என்று பார்க்கணும்.

ஃபுக்சின் | மார்ச் 11, மதியம் 3.31

எதுல பார்ப்பீங்களாம்?

எட்டுவாரம் | மார்ச் 11, மதியம் 3.45

தெரியும்டா சாமி. மைக்ரோஸ்கோப்புலதான். குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இசட்என் ஸ்மியர் (ஃபுக்சின் சொன்ன அதே சிவப்புச் சாய முறை), ஒரு சொட்டு ரத்த அகாரில் (மற்றக் கிருமிகள் வேகமாக வளரும் தட்டு). சிவப்புக் குச்சிகள் கயிறு முறுக்கின மாதிரி கொத்தாகத் தெரிந்தால் காசநோயாக இருக்கலாம், காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டும் எம்பிடி64 பட்டையில் உறுதி செய்வார்கள். சிவப்புக் குச்சி உண்டு, எம்பிடி64 இல்லை என்றால் காசநோயல்லாத மைக்கோபாக்டீரியாவா என்று பார்க்கணும். சிவப்பே இல்லாமல் ரத்த அகாரில் மறுநாள் பொங்கியிருந்தால் கலப்பு. மிச்சச் சளியைத் திரும்பக் காரம் போட்டுப் புதுக் குழாயில் ஏற்றச் சொல்லுங்க.

ஈர்க்குச்சி | மார்ச் 12, மாலை 5.10

சிவப்பு ஒன்றும் இல்லை. அகாரில் முழுக்கப் பொங்கல். புதுக் குழாய் இன்று ஏற்றியாச்சு. ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார், இருமல் குறைகிறது.

ஈர்க்குச்சி | ஏப்ரல் 24, காலை 11.00

புதுக் குழாய் 42 நாள் முடிந்தது, வளர்ச்சி இல்லை. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறார். மருந்து தொடங்கவில்லை. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்கிறது, இருமல் திரும்பினால் அதற்கு முன்பே.

ஃபுக்சின் | ஏப்ரல் 24, காலை 11.09

பரண்மேல ஏத்தறதா இருந்தா சொல்லுங்க, ஏணி அனுப்பறேன்.